வீட்டில் கட்டும் ஸ்ப்ரே எட்சிங் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்யூட் போர்டில் வேண்டாத காப்பரைக் கரைத்து எடுப்பதுதான் எட்சிங். அதற்காகப் பெர்ரிக் குளோரைடு கரைசலைத் தட்டில் ஊற்றி, போர்டை அதில் போட்டு, கை வலிக்க ஆட்டிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள், கரைசலைப் போர்டின் மேல் பீய்ச்சி அடிக்கும் ஸ்ப்ரே மெஷின் மேல் ஆசை வரும். நான் இதுவரை இரண்டு கட்டியிருக்கிறேன். முதலாவது சுழலும் பைப் வைத்தது. இரண்டாவது பம்ப் வைத்தது. மொட்டைமாடி ஷெட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வந்து பார்த்தவர்களும் போனில் விசாரித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் கீழே.

தட்டில் வைத்து ஆட்டினாலே காப்பர் போய்விடுகிறதே, ஸ்ப்ரே எதற்கு?

பெர்ரிக் குளோரைடு காப்பரைக் கரைத்த அந்த நொடியே பெர்ரஸ் குளோரைடாக மாறி வலுவிழந்துவிடும். அந்தச் செத்த கரைசல் மெல்லிய படலமாகப் போர்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். புதுக் கரைசல் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். தட்டில் சும்மா வைத்தால் 20, 30 நிமிடம் ஆவது இதனால்தான். மீன்தொட்டிக் காற்றுப் பம்ப் வைத்துக் குமிழி விட்டால் ஏறத்தாழ 10 நிமிடம். ஸ்ப்ரே அந்தப் படலத்தை அடித்துக் கழுவிக்கொண்டே இருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது.

ஆனால் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதைக் கட்டாதீர்கள். உண்மையான லாபம் சீரான அரிப்பு. வழக்கமான போர்டில் காப்பரின் தடிமன் 35 மைக்ரான். கரைசல் கீழ்நோக்கி அரிக்கும்போதே டிராக்கின் (போர்டில் மிஞ்ச வேண்டிய காப்பர் கோட்டின்) பக்கவாட்டிலும் உள்ளே புகும். இதைத்தான் அண்டர்கட் என்கிறோம். தட்டில் அரித்தால் போர்டின் ஓரம் முதலில் சுத்தமாகும், நடுப்பகுதி கடைசியில்தான் போகும். நடுப்பகுதிக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்து பத்து நிமிடமும் ஓரத்தில் இருக்கும் டிராக்குகள் பக்கவாட்டில் கரைந்துகொண்டே இருக்கும். 0.2 மி.மீ. டிராக் ஒவ்வொரு பக்கமும் 35 மைக்ரான் இழந்தால் மிஞ்சுவது 0.13 மி.மீ. ஓரத்தில் இருக்கும் மெல்லிய டிராக் அறுந்துபோவதற்குப் பலர் டிராக்கை மூடிக் காக்கும் டோனர் மையைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் குற்றவாளி இந்தக் காத்திருப்புதான்.

அதனால் மெஷினில் எந்த முடிவை எடுக்கும்போதும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இது போர்டு முழுக்க ஒரே மாதிரி அரிக்க உதவுமா?

எனக்கு இது தேவைதானா?

வருடத்துக்கு இரண்டு போர்டு செய்கிறவருக்குத் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டு, சூடான கரைசல், கொஞ்சம் பொறுமை போதும். இரண்டு பக்கப் போர்டோ 0.3 மி.மீ.க்குக் கீழான டிராக்கோ வேண்டாதவர்களுக்கும் குமிழித் தொட்டியே தாராளம். வாரத்துக்கு இரண்டு மூன்று போர்டு செய்கிறவர்கள், டிரை ஃபிலிம் (டோனருக்குப் பதில் ஒட்டும், ஒளிபட்டு இறுகும் காப்புப் படலம்) ஒட்டி மெல்லிய டிராக் எடுக்கிறவர்கள், பல மாணவர்களுக்குப் போர்டு செய்து தரும் கல்லூரி லேப் ஆகியோருக்கு இது நிச்சயம் உதவும்.

பம்ப் இல்லாமல் கட்ட முடியுமா?

முடியும். என் முதல் மெஷின் அப்படித்தான். நிமிர்ந்து நிற்கும் ஒரு பிவிசி பைப்பின் அடிப்பகுதி கரைசலில் மூழ்கியிருக்கும். மூடிக்கு மேலே உள்ள மோட்டார் அந்தப் பைப்பைச் சுழற்றும். உள்ளே இருக்கும் கரைசலும் சேர்ந்து சுழன்று, மையவிலக்கு விசையால் சுவரோரமாக மேலே ஏறி, பைப்பில் அறுத்து வைத்த பிளவுகள் வழியாகத் தெறிக்கும். தொட்டியின் சுவரோரமாகப் போர்டை நிறுத்தி வைத்தால் அதன் மேல் வந்து அறையும்.

எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்விட்டம் 36 மி.மீ. உள்ள பைப்பை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழற்றினால் சுவரின் வேகம் நொடிக்கு 2.8 மீட்டர். கோட்பாட்டுப்படி கரைசல் 40 செ.மீ. வரை ஏற வேண்டும். பிளவுகளில் வெளியேறுவது, உராய்வு எல்லாம் போக அதில் பாதி கிடைத்தாலே 15 செ.மீ. போர்டுக்குப் போதும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பைப்பின் அடியில் குறுக்காக ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் பைப் மட்டும் சுழலும், கரைசல் சும்மா நிற்கும்.

இதில் நாசில் (தெளிக்கும் முனை) அடைப்பு இல்லை, பம்ப் சீல் இல்லை, செலவும் குறைவு. குறை என்னவென்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் அரிக்கும். பைப்பின் கீழ்ப்பகுதியில் கரைசல் அதிகமாகத் தெறிப்பதால் போர்டின் கீழ்பாதி முந்திக்கொள்ளும். பாதி நேரம் ஆனதும் போர்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் பெருமளவு சரியாகிவிடும். முதல் மெஷின் கட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

தொட்டிக்கு எது நல்லது? எவர்சில்வர் டிரம் கிடைக்கிறது, வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. பெர்ரிக் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குழி குழியாகத் தின்னும். ஸ்டீல் எவ்வளவு குழி விழாமல் தாங்குகிறது என்று சோதிப்பதற்கே தொழிற்சாலைகளில் இந்தக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரண ரகமான 304 மட்டுமில்லை, அதைவிடத் தாங்கும் ரகமான 316-ம் தப்பாது. என் முதல் தொட்டியில் போர்டு பிடிக்கும் கிளிப்பை நான்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தேன். ஒரு கடையில் 316 என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கழற்றப் போனபோது ஸ்க்ரூ டிரைவரை வைத்ததுமே தலை தனியாக வந்துவிட்டது. மரை இருந்த இடத்தில் பென்சில் முனை மாதிரி ஒல்லியாக, கறுப்பாக ஒரு தண்டு மட்டும் நின்றது.

கரைசல் தொடும் இடத்தில் எல்லாம் பிளாஸ்டிக்தான் இருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன், எச்டிபிஇ, பிவிசி, சிபிவிசி, அக்ரிலிக் எல்லாமே தாங்கும். அரிசி கொட்டி வைக்கும் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா அருமையான தொட்டி. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், 2 என்று இருந்தால் எச்டிபிஇ. ஸ்க்ரூ வேண்டிய இடத்தில் நைலான் ஸ்க்ரூ போடலாம், ஆனால் கரைசல் சொட்டாத இடமாகப் பார்த்துப் போடுங்கள். அமிலத்தில் நைலான் நாளடைவில் வலுவிழக்கும். உலோகம்தான் வேண்டும் என்றால் டைட்டானியம் ஒன்றுதான் வழி. வாஷருக்கு இபிடிஎம் அல்லது வைட்டான் ரப்பர் கேட்டு வாங்குங்கள்.

அலுமினியத்தை மட்டும் பக்கத்திலேயே விடாதீர்கள். இந்தக் கரைசல் பட்டதும் கொதித்துச் சூடாகி ஹைட்ரஜன் வாயு வரும்.

பம்ப் எது வாங்குவது? ஆர்ஓ மெஷின் பம்ப், கூலர் பம்ப் உதவுமா?

ஆர்ஓ பூஸ்டர் பம்பில் அழுத்தம் நிறைய, கரைசல் அளவோ நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்கூடத் தேறாது. போர்டு முழுவதையும் நனைத்துக் கழுவ அது போதாது. ஏர் கூலர் பம்பில் கரைசல் நிறைய வரும், ஆனால் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் தள்ளாது. அதைவிட முக்கியம், அது 230 வோல்ட்டில் ஓடுவது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கரைசலுக்குள் 230 வோல்ட் பம்பை மூழ்கடித்து, மேலே கையை வைத்துக்கொண்டு நிற்பது உயிருக்கு ஆபத்து. யார் செய்து காட்டினாலும் செய்யாதீர்கள்.

தேவையானது மேக்னடிக் டிரைவ் பம்ப். இதில் மோட்டாருக்கும் கரைசலுக்கும் நடுவே பிளாஸ்டிக் சுவர் உண்டு. காந்த விசை மட்டும்தான் அதைக் கடந்து இம்பெல்லரை (கரைசலைத் தள்ளும் விசிறியை) சுற்றும். ஷாஃப்ட் துளை இல்லாததால் அங்கே கசிய வழியில்லை. வாங்கும்போது முன்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்: உடல் பாலிபுரொப்பிலீனாகவும் உள்ஷாஃப்ட் வெள்ளை செராமிக்காகவும் இருக்க வேண்டும். பளபளவென்று ஸ்டீல் ஷாஃப்ட் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லேபிளில் "ஹெட் 6 மீட்டர், நிமிடத்துக்கு 30 லிட்டர்" என்று போட்டிருந்தால் (ஹெட் என்பது பம்ப் தள்ளக்கூடிய அதிகபட்ச உயரம்) இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 6 மீட்டரில் ஒரு சொட்டும் வராது, 30 லிட்டரில் அழுத்தமே இருக்காது. நீங்கள் ஓட்டப்போகும் புள்ளி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கரைசல் தண்ணீரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம் என்பதால் மோட்டாருக்கும் அந்த அளவு சுமை கூடும். தண்ணீரில் ஓடும்போதே தொட முடியாத அளவு சுடும் பம்ப் இந்த வேலைக்கு ஆகாது.

இந்தப் பம்ப் தானாக உறிஞ்சாது. தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே வைத்து, கரைசல் தானாகவே உள்ளே இறங்கி நிரம்பும்படி குழாய் கொடுக்க வேண்டும். காய்ந்த நிலையில் ஓடினால் சில நிமிடத்தில் உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் போய்விடும்.

நாசில் வாங்க வேண்டுமா, பைப்பில் துளை போட்டால் போதுமா?

தோட்டத்துக்குப் போடும் ஃபாகர் நாசில் வேண்டாம். பனி மாதிரி நுண்ணிய துளிக்குப் படலத்தைக் கழுவும் வலு இருக்காது. மூடி இடுக்கு வழியாக வெளியே மட்டும் வரும். முழுக் கூம்பாகத் தெளிக்கும் பிளாஸ்டிக் நாசில் கிடைத்தால் மிக நல்லது, ஆனால் 16 நாசில் வாங்குவது பம்பைவிடச் செலவு வைக்கும்.

நான் முதலில் அரை இஞ்ச் சிபிவிசி பைப்பில் 1 மி.மீ. துளைகள் போட்டேன். அரை பார் அழுத்தத்தில் ஒரு துளையில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவு வரும், கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. போர்டை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்கும் நேரே ஒரு பொட்டு. பொட்டுக்குள் காப்பர் போய் அடியில் உள்ள எஃப்ஆர்-4 (கண்ணாடியிழை) பலகை தெரிகிறது, சுற்றிலும் காப்பர் அப்படியே இருக்கிறது. போர்டை மேலும் கீழும் ஆட்டினேன், பொட்டு எல்லாம் கோடாக நீண்டது.

தீர்வு ஹேக்சா பிளேடில் கிடைத்தது. நிமிர்ந்து நிற்கும் பைப்பைக் குறுக்காக லேசாக அறுத்தால், அந்தப் பிளவிலிருந்து கரைசல் விசிறி மாதிரி தட்டையாக விரிந்து வரும். விசிறி படுக்கைவாட்டில் விரிகிறது, போர்டு மேலும் கீழுமாக ஆடுகிறது; இரண்டும் சேர்ந்து மொத்தப் பரப்பையும் கூட்டிப் பெருக்கிவிடுகின்றன. அறுக்கும் ஆழம்தான் உயிர்நாடி. பைப்பின் உள்ளே 3 மி.மீ. நீளத்துக்குத் திறப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். பிளேடின் பக்கவாட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் எல்லாப் பிளவும் ஒரே ஆழத்தில் வரும்.

இப்போதைய அமைப்பு: 10 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம் உள்ள போர்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு பைப், ஒவ்வொன்றிலும் 4 செ.மீ. இடைவெளியில் நான்கு பிளவு, ஆக 16. பைப்புக்கும் போர்டுக்கும் நடுவே 8 செ.மீ. ஒரு பிளவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர், மொத்தம் 13 லிட்டர். பம்பிலிருந்து வரும் முதன்மைக் குழாய் முக்கால் இஞ்ச். பிளவுகளின் மொத்தப் பரப்பு குழாயின் உள்பரப்பைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். கூடிவிட்டால் பம்புக்குப் பக்கத்தில் உள்ள பிளவுகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், கடைசிப் பிளவு வழியும்.

போர்டைப் படுக்க வைக்கலாமா?

படுக்க வைத்து மேலிருந்து தெளித்தால் நடுவில் கரைசல் குளம் கட்டி நிற்கும். அந்தக் குளத்துக்கு அடியில் பழைய படலப் பிரச்சினையே திரும்ப வந்துவிடும். பெரிய தொழிற்சாலை மெஷின்களுக்கே மேல்பக்கத்தில் இந்தத் தொல்லை உண்டு. நிறுத்தி வைத்தால் கரைசல் தானாக வழிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அரிக்கலாம்.

ஆட்டுவதற்கு கார் வைப்பர் மோட்டார் போதும். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் எளிதாகக் கிடைக்கும். 12 வோல்ட் மோட்டாரை 6 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும். கிராங்க் ஆரம் 2 செ.மீ. வைத்தால் போர்டு 4 செ.மீ. ஏறி இறங்கும், அது பிளவுகளின் இடைவெளிக்குச் சமம். மோட்டாரை மூடிக்கு வெளியே வையுங்கள், பிளாஸ்டிக் கம்பி மட்டும் உள்ளே போகட்டும்.

சீராக அரிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ரெசிஸ்ட் (டோனர், டிரை ஃபிலிம் போன்ற காப்பு) எதுவும் இல்லாத வெறும் காப்பர் கிளாட் (காப்பர் ஒட்டிய பலகை) துண்டை உள்ளே வைத்து ஓட்டுங்கள். முதல் இடத்தில் பலகை தெரிய எவ்வளவு நேரம், கடைசிக் காப்பர் போக எவ்வளவு நேரம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். துளை போட்ட பைப்பில் எனக்கு முதல் பொட்டு 1 நிமிடம் 40 நொடியில் தெரிந்தது, கடைசித் துண்டு போக நாலரை நிமிடம் ஆனது. பிளவுக்கு மாறிய பிறகு 2 நிமிடம் 20 நொடி, 2 நிமிடம் 50 நொடி. முதல் எண் கூடியிருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மெஷினின் மதிப்பெண். எந்த மூலை கடைசியாகப் போகிறதோ, அந்தப் பக்கப் பிளவைத் துளி ஆழப்படுத்துங்கள். ஒரு துண்டுக்கு ஒரு மாற்றம் என்று போனால் நாலைந்து துண்டில் சரியாகிவிடும்.

எந்தக் கரைசல் போடுவது? ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் மலிவாக இருக்கிறதே?

தட்டில் அது நன்றாக வேலை செய்யும். ஸ்ப்ரேயில் மட்டும் போடாதீர்கள். அது அமில ஆவியும் குளோரினும் விடும் கலவை. அதைப் பம்ப் வைத்துத் துளித்துளியாக அடித்தால் ஆவி பல மடங்காகும். மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும், பக்கத்தில் உள்ள டிரில், வைஸ், மல்டிமீட்டர் முனை எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

நான் பயன்படுத்துவது பெர்ரிக் குளோரைடு. கெட்டியாகக் கலந்தால் வேகமாக அரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மிகக் கெட்டியான கரைசல் பாகு மாதிரி இருப்பதால் மெதுவாகத்தான் அரிக்கும், பம்பையும் சிரமப்படுத்தும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ கட்டி என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. எப்போதும் தண்ணீரில் கட்டியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கலக்கும்போதே நன்றாகச் சூடேறும், காரமான புகையும் வரும். திறந்த வெளியில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கலக்குங்கள்.

சோடியம் பெர்சல்ஃபேட்டும் நல்ல தேர்வுதான். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் போர்டு அரிபடுவது தெரியும், கறை படாது. ஆனால் 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கலந்து வைத்தால் தானாகவே வலுவிழக்கும். ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருப்பதால் பாட்டில் மூடியை இறுக்கினால் வெடிக்கும்.

ஹீட்டர் கட்டாயமா?

சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் ஷெட்டுக்குள் இருக்கும் கரைசலே 36, 38 டிகிரி இருக்கும். ஹீட்டருக்கு வேலையே இல்லை. மார்கழியில் வேண்டும். நான் வைத்திருக்கும் இலக்கு 40 டிகிரி. 60 டிகிரியை நெருங்கினால் சாதாரண பிவிசி இளகத் தொடங்கும், 45-ஐத் தாண்ட வேண்டிய தேவையும் இல்லை. மீன்தொட்டிக் கண்ணாடி ஹீட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கண்ணாடி விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நான் அதை விட்டுவிட்டேன். கரைசல் கேனை ஒரு பக்கெட் வெந்நீரில் 20 நிமிடம் வைத்து எடுத்து ஊற்றுகிறேன். மூன்று நிமிட வேலைக்கு அந்தச் சூடு போதும்.

4 லிட்டர் கரைசலில் எத்தனை போர்டு வரும்?

10 × 16 செ.மீ. போர்டின் ஒரு பக்கத்தில் 5 கிராம் காப்பர் இருக்கிறது. இந்தக் கரைசல் லிட்டருக்கு 40 கிராம் காப்பர் எடுத்துக்கொள்வதற்குள் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அந்தக் கணக்கில் 160 கிராம். காப்பர் முழுக்கப் போக வேண்டிய போர்டு என்றால் 32 பக்கம். டிசைன் போடும்போதே காலி இடத்தை எல்லாம் கிரவுண்ட் காப்பரால் நிரப்பிவிட்டால் பாதிக்கு மேல் காப்பர் போர்டிலேயே தங்கிவிடும். கரைசல் இரட்டிப்பு நாள் வரும், அரிப்பும் இன்னும் சீராக இருக்கும். நேரம் இரண்டு மடங்காகிவிட்டால் கரைசலை மாற்றுங்கள்.

எப்போது வெளியே எடுப்பது என்று எப்படித் தெரியும்?

முதல் அரை நிமிடத்தில் பளபளப்பான காப்பர் மங்கி, செங்கல் உடைத்த இடம் மாதிரி இளஞ்சிவப்பாகும். அப்புறம் வெகுநேரம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். திடீரென்று ஓரிடத்தில் பலகையின் வெளிர்ப்பச்சை எட்டிப் பார்க்கும். அங்கிருந்து சில நொடிக்குள் மற்ற இடங்களும் திறந்துகொள்ளும். கடைசியில் டிராக்குகளுக்கு நடுவே மேகத்துண்டு மாதிரி மெல்லிய காப்பர் தீவுகள் மிஞ்சும். ஒரு பக்கப் போர்டு என்றால் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத காப்பர் படலம்கூட அங்கே நிழலாக விழும். தீவுகள் மறைந்த பின் 10, 15 நொடி போதும்.

எடுத்ததும் நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு டப்பா தண்ணீரில் முக்கி எடுங்கள், அந்தத் தண்ணீரைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். அடுத்து சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு. பழுப்பு நிற இரும்புப் படிவு போர்டில் ஒட்டாமல் வந்துவிடும்.

பாதுகாப்புக்கு என்னவெல்லாம் கட்டாயம்?

கண்ணாடி. மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி. அப்புறம் நைட்ரைல் கையுறை, பழைய சட்டை. மூடியைத் திறந்தால் பம்ப் தானாக நிற்க வேண்டும்: மூடியில் ஒரு காந்தம், தொட்டியின் வெளிப்பக்கம் காந்தம் பக்கத்தில் வந்தால் இணையும் ஒரு ரீட் சுவிட்ச், அதன் வழியாகப் பம்பை ஓட்டும் ரிலே. இந்த ஓர் ஏற்பாடு இல்லாமல் என் வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மெஷினை நான் ஓட்டமாட்டேன். பம்பும் மோட்டாரும் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடட்டும். 230 வோல்ட் பம்புதான் கிடைத்தது என்றால் தொட்டிக்கு வெளியே, சொட்டு விழாத இடத்தில், எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக மட்டும் கொடுங்கள்.

மூடியின் உள்விளிம்பில் கீழ்நோக்கி ஒரு இஞ்ச் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுங்கள். மூடியில் அடித்த கரைசல் அந்தப் பட்டையில் இறங்கித் தொட்டிக்குள்ளேயே சொட்டும். இது இல்லாத மெஷினைச் சுற்றி ஒரே வாரத்தில் மஞ்சள் வட்டம் வந்துவிடும். முழு மெஷினையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரேயில் வையுங்கள். டிரேயின் கொள்ளளவு மொத்தக் கரைசலையும் தாங்க வேண்டும்.

பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன?

ஊற்றாதீர்கள், தயவுசெய்து. அதில் லிட்டருக்கு 40 கிராம் காப்பர் இருக்கிறது. மீனுக்கும் பாசிக்கும் மிகச் சிறிய அளவே விஷம். செப்டிக் டேங்க்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும். தரையில் ஊற்றினால் காப்பர் மண்ணிலேயே தங்கிவிடும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊரில் இதைச் செய்ய மனசாட்சி இடம்தரக் கூடாது.

பழைய கரைசலில் இரும்புக் கம்பி நார் போட்டு ஓரிரு நாள் திறந்த வெளியில் வையுங்கள். இரும்பு கரைந்து, காப்பர் சிவப்பு வண்டலாக அடியில் படியும்; அதை வடிகட்டி எடுத்துவிடலாம். மிச்சத்தில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். நுரை பொங்கி வழியும், அதனால் பாதி நிரம்பிய பக்கெட்டில் செய்யுங்கள். நுரை நின்று, பி.எச். தாள் 8-ஐக் காட்டியதும் நிறுத்துங்கள். மீதி உலோகங்கள் சேறாகப் படிந்துவிடும். தெளிந்த நீரில் நீல நிறம் தெரிந்தால் காப்பர் இன்னும் இருக்கிறது என்று பொருள். சேற்றைத் துணியில் வடிகட்டி, காயவைத்து, டப்பாவில் அடைத்துச் சேர்த்து வையுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு வசதி உள்ள பிசிபி (சர்க்யூட் போர்டு) அல்லது முலாம் பூசும் தொழிற்கூடத்தில் பேசினால், அவர்களின் அபாயக் கழிவோடு சேர்த்து வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் உண்டு. நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

தரையில் கறை பட்டுவிட்டது, போகுமா?

உடனே சோடா தூவித் துடைத்துவிட்டு, மிஞ்சும் மஞ்சள் கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் போடுங்கள், டைல்ஸில் போய்விடும். மார்பிளில் போகாது, அமிலம் மார்பிளையே அரித்துவிடும். துணியில் பட்டால் அந்தத் துணி இனி எட்சிங் துணிதான்.

பிளவுகள் அடைத்துக்கொள்கின்றன. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் பம்ப் கெட்டுவிடுமா?

அடைப்பு வருவது பெரும்பாலும் உரிந்த டோனராலும் டிரை ஃபிலிம் துணுக்காலும். பம்புக்குள் போகும் வாயில் பிளாஸ்டிக் வலை கட்டுங்கள். டீ வடிகட்டி வலை சரியான அளவு, ஆனால் ஸ்டீல் வலை இல்லாததாகப் பாருங்கள். பைப்பின் முனைகளில் ஒட்டு போடாமல் திருகு மூடி வைத்தால் கழற்றி ஊதிக்கொள்ளலாம். அடைத்த பிளவைப் பழைய ஏடிஎம் கார்டை மெல்லிசாக நறுக்கிச் சுத்தம் செய்யுங்கள். பிளேடு விட்டால் பிளவு அகலமாகி, சீராக்கியது எல்லாம் கலைந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் கரைசலைக் கேனில் இறக்கிவிட்டு, 2 லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அதன் பிறகு வெறும் தண்ணீர் விட்டு ஒரு முறை. இந்தக் கழுவிய நீரும் பழைய கரைசல் கேனுக்குத்தான் போக வேண்டும். அமிலம் விடாமல் வெறும் தண்ணீரில் கழுவினால் இரும்பு பழுப்புச் சேறாகப் படிந்து இம்பெல்லரை இறுக்கிவிடும். இறுகிப்போன பம்பைக் கழற்றி, அதே சிட்ரிக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் இம்பெல்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் மாட்டி ஓட்டலாம். கரகரவென்றால் புஷ் மாற்ற வேண்டும்.